டார்க் ஃபாரஸ்ட் முடிச்சவங்க வாங்க, மூணு பாகத்துல நடு பாகம் தான் பெஸ்ட்டா? (ஸ்பாய்லர் இருக்கு)

வேளச்சேரி_ரீடர்

வணக்கம் மக்களே. சீன எழுத்தாளர் லியு சிஷினோட மூணு பாக அறிவியல் நாவல்ல நடுவுல வர்ற டார்க் ஃபாரஸ்ட்டை இப்ப தான் முடிச்சேன். மண்டைக்குள்ள இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு, இதைப் பத்திப் பேச ஆபீஸ்ல ஒரு ஆள் கூட இல்ல, அதான் இங்க வரேன். 2024ல நெட்ஃப்ளிக்ஸ்ல சீரிஸ் வந்தப்புறம் தான் முதல் புக்கையே எடுத்தேன். அந்த சீசன் கடைசில சால்னு ஒருத்தரை ஐநா சபைக்கு கூட்டிட்டு போய் வால்ஃபேஸர்னு அறிவிப்பாங்கல்ல, அதுக்கு மேல என்ன ஆகுதுன்னு தெரிஞ்சே ஆகணும்னு ரெண்டாவதுக்குள்ள போயிட்டேன்.

படிக்காதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். நாலு ஒளியாண்டு தள்ளி இருக்குற ட்ரைசோலாரிஸ்ல இருந்து ஒரு படை கிளம்பிடுச்சு, வந்து சேர 400 வருஷத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள நாம அவங்களை விட முன்னேறிடக் கூடாதுன்னு சோஃபான்னு ப்ரோட்டான் சைஸ் கம்ப்யூட்டரை முன்கூட்டியே அனுப்பிட்டாங்க, அது பார்ட்டிகிள் ஆக்ஸிலரேட்டர் ரிசல்ட்டை எல்லாம் குழப்பி விட்டு அடிப்படை இயற்பியலையே முடக்கி வெச்சிருக்கு, அது போக பூமில யார் என்ன பேசினாலும் எழுதினாலும் அவங்களுக்குத் தெரிஞ்சிடும். மனசுக்குள்ள நினைக்கிறது மட்டும் தான் அவங்களுக்கு எட்டாது. அதனால நாலு பேரைத் தேர்ந்தெடுத்து, உங்க திட்டத்தை யார்கிட்டயும் சொல்லாதீங்க, என்ன வேணுமோ கேளுங்க, காரணம் கேக்க மாட்டோம்னு விட்டுடுறாங்க. அந்த நாலு பேர் தான் வால்ஃபேஸர், அதுல ஒருத்தன் லுவோ ஜி.

இப்ப என் கேள்வி. மூணு பாகக் கதைல நடு பாகம்னாலே முதல்ல ஆரம்பிச்சதைத் தூக்கிட்டு போய் மூணாவது கையில ஒப்படைக்கிற வேலை தான் இருக்கும்னு எனக்கு ஒரு எண்ணம். இது அப்படி இல்லவே இல்ல. படை கிளம்புச்சு, பூமி தோத்துச்சு, லுவோ ஜி கல்லறை முன்னாடி நின்னு மிரட்டுனான், அவங்க பணிஞ்சாங்க, கதை முடிஞ்சுது. இதுக்கு மேல மூணாவது பாகம் எதுக்குன்னு நிஜமாவே புரியல. அதே சமயம் எனக்கு இதை சிபாரிசு பண்ண ஃப்ரெண்டு முதல் பாதி பயங்கர இழுவை, பாதில வெச்சுட்டேன்னு சொல்றான். லுவோ ஜி அந்த ஏரிக்கரை பங்களால ஒயின் குடிச்சுட்டு உக்காந்திருக்குற இடத்துல எனக்கும் கொஞ்சம் பொறுமை போச்சு தான். ஆனா கடைசிக்கு வந்ததும் அதெல்லாம் தேவையா தான் இருந்துச்சுன்னு தோணுது, ஏன்னு சரியா சொல்லத் தெரியல. நீங்கல்லாம் என்ன நினைக்கிறீங்க?

பெரம்பூர்_லோகோ

நண்பா, ஏன்னு நான் சொல்றேன். அந்த இழுவை தான் புக்கோட சூட்சுமமே.

முழுக்க யோசிச்சுப் பாருங்க, லுவோ ஜி என்ன சாப்பிடுறான், எங்க தூங்குறான், யாரைக் கூப்பிடுறான்னு எல்லாமே நமக்குக் காட்டிடுறாரு. மனசுல என்ன இருக்குன்றதை மட்டும் காட்ட மாட்டாரு. அதாவது படிக்கிற நாம தான் சோஃபான். எல்லாத்தையும் பாக்குறோம், ஒண்ணும் புரியல. மத்த மூணு பேருக்கும் ஒரு வால்பிரேக்கர், அதாவது திட்டத்தைக் கண்டுபிடிக்க எதிரி பக்கத்துல இருந்து வர்ற ஆள், வந்து முன்னாடி உக்காந்து உன் திட்டம் இது தான்னு புட்டுப் புட்டு வெச்சிடுறான். டைலர் சொந்தப் படையையே அடிக்கப் போறான், ரே டியாஸ் புதன் கிரகத்தைச் சூரியனுக்குள்ள தள்ளி மொத்த சூரிய குடும்பத்தையும் அழிச்சிடுவேன்னு மிரட்டப் போறான், ஹைன்ஸ் மனுஷங்க மூளைல தோல்வியையே நம்பிக்கையா பதிக்கப் போறான். லுவோ ஜிக்கு மட்டும் வால்பிரேக்கர் கிடையாது, அவனுக்கு அவனே தான் வால்பிரேக்கர்னு எதிரிங்களே சொல்லிடுவாங்க. அந்த வரியைப் படிக்கும்போது சாதாரணமா தாண்டிப் போயிருப்பீங்க, மறுபடி அந்த இடத்தைப் படிங்க.

இன்னொண்ணு, கடைசில வர்றது எதுவுமே திடீர்னு வானத்துல இருந்து குதிக்கல, எல்லாமே முன்னாடியே நம்ம கண்ணு முன்னால வெச்சது தான். முதல் சில பக்கத்துலயே ஒரு எறும்பு கல்லறை மேல ஊர்ந்து போகும், செதுக்கி இருக்குற எழுத்தோட பள்ளத்துக்குள்ள இறங்கி ஏறும், பக்கத்துல முதல் பாகத்து விஞ்ஞானி யே வென்ஜியே லுவோ ஜி கிட்ட ரெண்டு அடிப்படை விதி சொல்லிட்டு இருப்பாங்க. உயிரோட இருக்குறது தான் எந்த நாகரிகத்துக்கும் முதல் தேவை, நாகரிகம் வளர்ந்துக்கிட்டே போகும் ஆனா பிரபஞ்சத்துல இருக்குற பொருளோட அளவு மாறாது. அப்புறம் சந்தேகச் சங்கிலி, தொழில்நுட்ப வெடிப்புன்னு ரெண்டு விஷயம். அவ்ளோ தான், மொத்த விடையும் அங்கயே இருக்கு, நாம எறும்பை வேடிக்கை பாத்துட்டு தாண்டிப் போயிடுறோம்.

ரே டியாஸ் சபைல மாட்டிக்கிட்டதும் கையில இருக்குற வாட்சைக் காட்டி, என் நாடித்துடிப்பு நின்னா குண்டு வெடிக்கும்னு மிரட்டிட்டு ஊருக்குத் தப்பிச்சுப் போவான்ல, கடைசில லுவோ ஜி பண்றது அச்சு அசல் அதே தான். ஸ்னோ ப்ராஜெக்ட்டும் அப்படி தான், குண்டு வெச்சு எண்ணெய்ப் படலத் தூசியைப் பரப்புற வேலையை உக்காந்து வருஷக்கணக்கா பண்ணுவான், எதிரி வர்றதைக் கண்டுபிடிக்கத் தான்னு உலகமே நினைக்கும், நாமளும் நினைப்போம். அந்தத் தூசி சூரியனோட வெளிச்சத்தை மறைச்சு மறைச்சு விட்டா தூரத்துல இருந்து பாக்குறவனுக்கு அது ஒரு செய்தி. ட்ரைசோலாரிஸ் எங்க இருக்குன்ற செய்தி, அது வெளிய தெரிஞ்சா வேற எவனாவது அதை அழிச்சிடுவான். அந்த இடம் வந்தப்ப எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சிடுச்சு.

மயிலை_மாடவீதி

லோகோ சொன்ன கட்டமைப்பு விஷயம் எல்லாம் ஒத்துக்குறேன். ஆனா யாரும் ஜுவாங் யான் பத்திப் பேச மாட்டேன்றீங்களே, அது எப்படி?

கதை என்ன. லுவோ ஜியோட பழைய காதலி ஒரு எழுத்தாளர், பிறந்தநாள் பரிசா எனக்கு ஒரு கதை எழுதிக் குடுன்னு கேக்குறா. இவன் ஒரு பொண்ணைக் கற்பனை பண்றான், அந்தக் கற்பனைப் பொண்ணு மேலயே காதல் வந்துடுது, நிஜத்துல இருக்குறவ விலகிப் போயிடுறா. இது வரைக்கும் எனக்குப் பிரச்சனையே இல்ல, சொல்லப்போனா அந்தப் பகுதி ரொம்ப அழகா எழுதி இருக்காரு, எழுதுறவங்க யாரா இருந்தாலும் அது மனசுல பதியும். ஆனா அதுக்கப்புறம் வால்ஃபேஸர் அதிகாரத்தை வெச்சு போலீஸ்காரர் டா ஷியைக் கூப்பிட்டு இந்த மாதிரி ஒரு பொண்ணு வேணும் கண்டுபிடிச்சுக் கொண்டு வான்னு சொல்றான், அவரும் கொண்டு வந்துடுறாரு. ஓவியம் படிச்ச பொண்ணு, அப்படியே கற்பனைல இருந்த மாதிரியே இருக்கா, அப்படியே பேசுறா, அப்படியே சிரிக்கிறா. ராத்திரில லூவ்ர் மியூசியத்தை இவங்க ரெண்டு பேருக்காகத் தொறந்து விடுறாங்க. அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்னு எந்தப் பக்கத்துலயாவது யாராவது கேட்டாங்களா? அவ அம்மா அப்பா யாரு, அவ வரைஞ்ச படம் எப்படி இருக்கும், எதுக்குக் கோவப்படுவா, ஒண்ணும் கிடையாது.

முதல் பாகத்துல இதே ஆள் தான் யே வென்ஜியேயை எழுதினாரு. அப்பாவை மேடைல வெச்சு அடிச்சே கொல்றதைப் பாத்த பொண்ணு, பதில் அனுப்பாதேன்னு எச்சரிக்கை வந்தும் முழு மனசோட பட்டனை அமுக்குனவங்க. மொத்தக் கதையையும் நகத்துறதே அவங்க எடுத்த முடிவு தான். அப்படி எழுதத் தெரிஞ்சவரு ரெண்டாவதுல இப்படி ஒரு பொம்மையைக் கொண்டு வந்து நிறுத்துறது எனக்கு வருத்தமா இருக்கு. ஹைன்ஸோட மனைவி கெய்கோ தான் இந்த புக்லயே நல்லா வந்திருக்க வேண்டிய பெண் பாத்திரம், கட்டுன புருஷனுக்கே வால்பிரேக்கர், அதுவும் அத்தனை வருஷம் கூடவே வேலை பாத்துட்டு! அவங்களுக்குக் குடுத்த பக்கத்தை எண்ணிப் பாருங்க.

நடு பாகம் தான் பெஸ்ட்னு சொல்றவங்க இதையும் சேத்து எடை போட்டுட்டு சொல்லுங்க. என் கணக்குல முதல் பாகம் தான் முதல்.

அம்பத்தூர்_செகண்ட்ஷிஃப்ட்

எனக்கு இந்த புக்குன்னா ஜாங் பெய்ஹாய் தான், லுவோ ஜி எல்லாம் அப்புறம். அந்த ஆளு கடற்படைல அரசியல் அதிகாரி, எல்லார் முன்னாடியும் நாம கண்டிப்பா ஜெயிப்போம்னு முகத்துல ஒரு மாத்தமும் இல்லாம சொல்லிட்டே இருப்பாரு, உள்ளுக்குள்ள முதல் நாள்ல இருந்தே தோத்துட்டோம் தப்பிச்சுப் போற கப்பல் தான் வேணும்னு முடிவு பண்ணிட்டாரு, அதை 200 வருஷம் உறைதூக்கம் தாண்டியும் யார்கிட்டயும் வாய் தொறக்காம காப்பாத்துறாரு பாருங்க, பட்டம் குடுத்த வால்ஃபேஸர்ங்க நாலு பேரை விட நிஜமான வால்ஃபேஸர் அவர் தான். ராக்கெட்ல பழைய முறையையே புடிச்சுத் தொங்கிட்டு இருக்குற பெரியவங்களை ஒழிச்சா தான் புது இன்ஜினுக்கு வழி பொறக்கும்னு விண்கல்லை வெச்சு புல்லட் செஞ்சு, விண்வெளில மிதந்துக்கிட்டே அவங்க குரூப் போட்டோவுக்கு நிக்கிற நேரம் பாத்து சுடுவாரு, பாக்குறவங்களுக்கு விண்கல் மழை வந்து அடிச்ச மாதிரி தான் தெரியும். படிச்சுட்டு புக்கை மூடி வெச்சுட்டேன், கொலை தான் பண்றாரு, சந்தேகமே இல்ல, ஆனா அவர் பக்கம் தான் நான் நின்னேன், அது எனக்கே பயமா இருந்துச்சு.

அவர் சாவுற இடம் பத்தி யாராவது பேசுங்க. மத்த கப்பல்களை முந்திக்கிட்டு சுட வேண்டிய நேரத்துல சில செகண்டு தயங்குவாரு. வாழ்க்கை முழுக்க தயங்காத ஆளு. அந்த சில செகண்டுல இன்னொரு கப்பல் சுட்டுடும். பரவால்ல எல்லாம் ஒண்ணு தான்ற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிட்டு போயிடுவாரு. அந்த ஒரு சீனுக்காகவே எனக்கு மூணுல இது தான் டாப்.

கிண்டி_பிசிக்ஸ்

நான் கொஞ்சம் வேற பக்கத்துல இருந்து பேசுறேன், நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

கதையா எனக்கு ரொம்பப் புடிச்ச புக். ஆனா பிரபஞ்சம் ஒரு இருட்டுக் காடு, எல்லாரும் ஒளிஞ்சிருக்குற வேட்டைக்காரங்க, இடம் தெரிஞ்சவனை அடிச்சிடுவாங்கன்ற டார்க் ஃபாரஸ்ட் தியரியை நிஜ அறிவியல் மாதிரியே பேசுற வீடியோ எக்கச்சக்கமா வருது, அதனால இதைச் சொல்லணும். பிரபஞ்சம் ஏன் இவ்ளோ அமைதியா இருக்குன்ற கேள்வி 1950ல என்ரிகோ ஃபெர்மி லாஸ் அலமோஸ்ல மதிய சாப்பாட்டு நேரத்துல கேட்டது. ஆபத்தான ஆளுங்க இருக்கலாம் அதனால எல்லாரும் வாயைத் தொறக்காம இருக்காங்கன்ற மாதிரியான பதில்களை 1983லயே டேவிட் ப்ரின் ஒரு ஆய்வுக் கட்டுரைல வரிசைப்படுத்தி அலசி இருக்காரு. லியு சிஷின் புதுசா பண்ணது என்னன்னா, அதை ரெண்டு விதில இருந்து படிப்படியா வரவழைச்சு, ஒரு பேர் குடுத்து, அதை ஒரு ஆயுதமாவும் மாத்துனது. 2008ல வந்த நாவலோட பேர் இன்னைக்கு அந்தக் கருத்துக்கே பேராயிடுச்சு, அது பெரிய விஷயம்.

இப்ப என் சிக்கல். ஒளிஞ்சு இருந்தா தப்பிக்கலாம்னு கதை சொல்லுது. பூமியோட காத்துல ஆக்ஸிஜன் சேர ஆரம்பிச்சு 200 கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு. தூரத்துல இருந்து நம்ம வளிமண்டலத்தோட நிறமாலையைப் பிரிச்சுப் பாத்தாலே இங்க உயிர் இருக்குன்னு சந்தேகம் வந்துடும். 2021ல அனுப்புன ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை வெச்சு நாமளே வேற நட்சத்திரத்து கிரகங்களோட காத்துல என்ன இருக்குன்னு பாத்துட்டு இருக்கோம். நம்மால முடியும்னா ஒரு நட்சத்திரத்தையே வெடிக்க வைக்கிறவனுக்கு முடியாதா? கதைல சொல்ற மாதிரி வேட்டைக்காரன் ஒருத்தன் இருந்தா, நாம ரேடியோ கண்டுபிடிக்கிறதுக்கு எவ்வளவோ முன்னாடியே முடிச்சிருப்பான். 1974ல அரசிபோல இருந்து சுமார் 25,000 ஒளியாண்டு தூரத்துல இருக்குற எம்13 நட்சத்திரக் கூட்டத்துக்கு ஒரு செய்தி அனுப்புனாங்க, ஐயோ காட்டிக் குடுத்துட்டோமேன்னு அதைப் பத்திப் பதறுறவங்க இந்த ஆக்ஸிஜனைப் பத்திப் பேசுறதே இல்ல. ஊட்டி முத்தோரைல 530 மீட்டர் நீளத்துல மலைச்சரிவுல படுத்திருக்கே நம்ம ரேடியோ தொலைநோக்கி, 1970ல இருந்து அது கேக்குற வேலை தான் பாக்குது, யாருக்கும் எதுவும் அனுப்புறதில்ல. கேட்டுட்டு மட்டும் இருந்தா ஒளிஞ்சுடலாம்னு நினைக்கிறது நம்ம ஆறுதலுக்கு.

ரெண்டாவது, சந்தேகச் சங்கிலி. நான் உன்னை நல்லவன்னு நினைக்கலாம், ஆனா நீ என்னை நல்லவன்னு நினைக்கிறியான்னு எனக்குத் தெரியாது, அது எனக்குத் தெரியாதுன்றது உனக்குத் தெரியுமான்னும் தெரியாது, இப்படியே போகும். கேம் தியரில இது எல்லாருக்கும் தெரிஞ்ச பிரச்சனை தான். 1980 வாக்குல ராபர்ட் ஆக்ஸல்ராட் கம்ப்யூட்டர் புரோகிராம்களை மோத விட்டு ஒரு போட்டி நடத்துனாரு, அதுல ஜெயிச்சது முதல்ல ஒத்துழைக்கிற, அப்புறம் எதிராளி பண்ணதையே திருப்பிப் பண்ற ரொம்ப சின்ன புரோகிராம். ஏன்னா அங்க ஆட்டம் திரும்பத் திரும்ப நடக்குது. கதைல முதல் அடியே கடைசி அடி, ரெண்டாவது ஆட்டமே கிடையாது, அதனால நம்பிக்கைக்கு இடமே இல்ல. அந்த ஒரு அனுமானத்தை எடுத்துட்டா மொத்தமும் ஆட்டம் கண்டுடும். எந்தத் தாக்குதலுமே எப்பவுமே முழுசா அழிக்கும், அடிச்சவன் யாருன்னு யாருக்குமே தெரியாதுன்னு எப்படி உறுதியா இருக்க முடியும்?

ஆனா ட்ரைசோலாரிஸ் அனுப்புன ட்ராப்லெட்ன்ற சின்ன கலத்தோட சண்டை பத்தி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஸ்ட்ராங் இன்டராக்‌ஷன்ல கட்டுன பொருள்னு சொல்றது இயற்பியல்ல நிக்காது, அந்த விசையோட வீச்சு அணுக்கருவைத் தாண்டாது. பரவால்ல. வயசான இயற்பியலாளர் டிங் யி போய் அந்தக் கண்ணாடி மாதிரி வழவழப்பைக் கைல தடவிப் பாக்குறாரு, எவ்ளோ பெருசு பண்ணிப் பாத்தாலும் ஒரு கீறல் கூட இல்லன்னு தெரிஞ்சதும் ஒரு சில நொடில இது சமாதானத் தூது இல்லன்னு அவருக்குப் புரியுது, ஓடுங்கன்னு சொல்றதுக்குள்ள முடிஞ்சுடுது. கிட்டத்தட்ட 2000 போர்க்கப்பல் வரிசையா, அழகா, அணிவகுப்புக்கு நிக்கிற மாதிரி நின்னுட்டு இருக்கு, ஒரு சின்ன துளி உள்ள புகுந்து போயிட்டே இருக்கு. அறிவியல் கதைல தொழில்நுட்ப இடைவெளின்னா என்னன்னு இவ்ளோ தெளிவா வேற எங்கயும் நான் படிச்சதில்ல.

பெரம்பூர்_லோகோ

பிசிக்ஸ் சார், ஆக்ஸிஜன் விஷயம் நல்ல கேள்வி, என்கிட்ட பதில் இல்ல. ஆனா சந்தேகச் சங்கிலிக்குப் பதில் புக்லயே இருக்கு, அம்பத்தூர் நண்பர் சொன்ன சீன் தான் அது.

ட்ராப்லெட் கிட்ட இருந்து தப்பிச்ச கப்பல்ங்க ஒரு பக்கம் அஞ்சு. எல்லாரும் மனுஷங்க, ஒரே பயிற்சி, பக்கத்து பக்கத்து கப்பல், ரேடியோல பேசிக்கலாம், கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் சேந்து புது சமுதாயம் கட்டுவோம்னு கூட்டம் போட்டவங்க. எரிபொருளும் உதிரி பாகமும் எல்லாருக்கும் பத்தாதுன்னு கணக்கு போட்டுப் பாத்ததும் ஒருத்தர் கூட வாயைத் தொறக்கல, ஒவ்வொரு கப்பலும் தனித்தனியா ஒரே முடிவுக்கு வருது. அவங்களும் இதையே தான் நினைச்சுட்டு இருப்பாங்கன்னு ஒவ்வொருத்தருக்கும் தெரியுது. கடைசில ப்ளூ ஸ்பேஸ் மட்டும் மிஞ்சுது, வேற திசைல போன ப்ரான்ஸ் ஏஜும் அதையே பண்ணிடுது. ரெண்டு பக்கமும் பேசி வெச்சுக்கல, ஆனா முடிவு ஒண்ணு. லுவோ ஜி தியரியை வாயால விளக்குறது இதுக்கெல்லாம் அப்புறம் தான். அதாவது நிரூபணம் முதல்ல, தேற்றம் பின்னாடி. நட்சத்திரங்களுக்கு நடுவுல நடக்கப் போறதை அஞ்சு கப்பலுக்குள்ள நடத்திக் காட்டிட்டாரு. அதனால தான் லுவோ ஜி டா ஷி கிட்ட அந்தக் காட்டைப் பத்திச் சொல்லும்போது நாம எதிர்த்துக் கேள்வி கேக்குறதில்ல, ஏற்கனவே பாத்துட்டோம்.

முதல் பாகம் ஒரு மர்மத்தை அவிழ்க்குது. மூணாவது உலகத்தை விரிச்சுக்கிட்டே போகுது. ஒரு வாதத்தை முதல் பக்கத்துல வெச்சு கடைசிப் பக்கத்துல முடிச்சுக் காட்டுறது நடு பாகம் மட்டும் தான். ரீடருக்கு இது முழுக் கதையா தெரியுறதுக்குக் காரணம் அது தான்னு நினைக்கிறேன்.

மாடவீதி மேடம், ஜுவாங் யானையும் குழந்தையையும் உறைதூக்கத்துல போட்டுட்டு, வேலையை ஆரம்பிச்சா தான் கண்ல காட்டுவோம்னு அரசாங்கம் மிரட்டுதுல்ல, அவங்களைப் பணயமா தான் வெச்சிருக்காங்கன்னு புக்கே ஒத்துக்குதே?

மயிலை_மாடவீதி

ஒத்துக்குது, அது தான் என் குறையே லோகோ. அவங்களைப் பணயமா வெக்கிறது அரசாங்கம் பண்ற கொடுமைன்னு காட்டுறாரு. ஆனா முதல்ல அவங்களை ஒரு ஆர்டர் குடுத்துக் கொண்டு வந்தது லுவோ ஜி, அதை மட்டும் காதல்னு காட்டுறாரு. ரெண்டும் ஒரே செயல் தானே. காலைல எழுந்து பாத்தா மனைவியும் குழந்தையும் இல்லன்னு அவன் தவிக்கிற இடம் எனக்கும் தொண்டையை அடைச்சுது, இல்லன்னு சொல்லல. அந்த இடத்துல ஜுவாங் யான் என்ன நினைச்சுட்டு அந்தப் பெட்டிக்குள்ள படுத்திருப்பான்னு ஒரு பாரா எழுதி இருந்தா இந்த புக்கை நான் தலைல தூக்கி வெச்சு ஆடி இருப்பேன்.

அஞ்சு கப்பல் விளக்கம் அருமை. அதுல கேப்டன் டோங்ஃபாங் யான்ஷுன்னு ஒரு பெண் இருக்காங்க, அந்தக் கணக்கை முதல்ல போட்டுப் பாத்து நடுங்குறவங்கள்ல அவங்களும் ஒருத்தர். அந்த மாதிரி இன்னும் வேணும்னு தான் கேக்குறேன்.

திருவல்லிக்கேணி_பழையவாசகர்

தம்பி, தங்கைகளுக்கு வணக்கம். நான் சுஜாதாவைப் படிச்சு வளந்த தலைமுறை. என் இனிய இயந்திரா ஆனந்த விகடன்ல தொடரா வந்தப்ப வாரா வாரம் காத்திருந்து படிச்சவன், ஜீனோவைப் பாக்க திரும்ப மீண்டும் ஜீனோவுக்கும் போனவன். அவர் பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல இன்ஜினியர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவாக்குனதுல பங்கு இருந்தவர். லியு சிஷினும் ஷான்ஷி மாகாணத்துல ஒரு அனல் மின் நிலையத்துல கம்ப்யூட்டர் இன்ஜினியரா வேலை பாத்துக்கிட்டே எழுதினவர். ரெண்டு பேர்கிட்டயும் ஒரு பொருள் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றதுல ஒரு ருசி தெரியும். விண்கல் புல்லட்டா இருக்கட்டும், எண்ணெய்ப் படலமா இருக்கட்டும், கைல எடுத்துப் பாத்த மாதிரி எழுதுறாரு. இலக்கியம் மட்டும் படிச்சவங்களுக்கு அது வராது.

எனக்குக் குறைன்னா நடுப்பகுதி. உறைதூக்கம் முடிஞ்சு எழுந்ததும் பூமிக்கு அடில மரம் மரமா தொங்குற நகரம், எங்க தொட்டாலும் திரை, எல்லாரும் இனி நாம தான் ஜெயிப்போம்னு மிதப்புல திரியுறாங்க. நடுவுல பெரும் பள்ளம்னு ஒரு காலம், பஞ்சத்துல உலக மக்கள்தொகையே பாதிக்கும் கீழ போயிடுது. அதை சில பக்கத்துல, யாரோ சொல்லக் கேட்ட மாதிரி தாண்டிடுறாரு. கோடிக்கணக்கான ஜனம் பட்டினில செத்ததை இப்படி வேகமா தாண்டலாமா? அதை ஒரு குடும்பத்தை வெச்சு எழுதி இருந்தா அந்த மிதப்பு ஏன் வந்துச்சு, ட்ராப்லெட் முன்னாடி கப்பலை எல்லாம் ஏன் முட்டாள்தனமா ஒரே வரிசைல நிறுத்துனாங்கன்னு இன்னும் வலிச்சிருக்கும். ஒவ்வொரு நாட்டு வீரனும் முதல் வரிசைல நிக்கணும்னு போட்டி போடுறான், பட்டினி கிடந்து மீண்டவன் பேரப்பிள்ளைங்க தானே அவங்க.

மூணாவது எதுக்குன்னு கேட்டீங்களே ரீடர் தம்பி. ரெண்டாவதோட முடிவைத் திரும்பப் படிச்சுப் பாருங்க. சமாதானம் வந்தது அன்பால இல்ல, ஒருத்தன் கைல இருக்குற மிரட்டலால. அந்த ஒருத்தனுக்கு வயசாகும்ல? அடுத்து யார் கைல குடுக்குறது, அவங்களுக்கு அதை அமுக்குற மனசு இருக்குமா? அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அத்தனை வருஷம் இதே கேள்வியோட தான் உக்காந்திருந்தாங்க. மூணாவது 2010ல வந்தது, இந்தக் கேள்வியைத் தான் எடுத்துக்கிட்டு போகுது. அதுக்கு மேல சொன்னா கெட்டுடும். ஆரம்பமே 1453ல கான்ஸ்டான்டிநோபிள்ல நடக்கும், தப்பு புக்கை எடுத்துட்டோமோன்னு வெச்சுடாதீங்க, தாண்டிப் போங்க.

வேளச்சேரி_ரீடர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல. படிக்கிறவன் தான் சோஃபான்னு லோகோ சொன்னது தான் நான் தேடிட்டு இருந்த பதில், அதை அப்படியே ஃப்ரெண்டுக்கு அனுப்பிட்டேன், மறுபடி எடுக்குறேன்னு சொல்லி இருக்கான். மாடவீதி, நீங்க சொன்னதுக்கப்புறம் லூவ்ர் பகுதியைத் திரும்பப் படிச்சேன், அவங்க பேசுற வசனம் எல்லாத்தையும் பாத்தா லுவோ ஜிக்குப் பதில் சொல்றதா தான் இருக்கு, அவங்களா ஒரு பேச்சை ஆரம்பிக்கிறது ரொம்பக் கம்மி. ஆனாலும் என் ஓட்டு நடு பாகத்துக்கு தான்.

பிசிக்ஸ், ஒரு சந்தேகம். அஞ்சு கப்பல் சீன் உங்க கேள்விக்குப் பதில் ஆகுதா?

கிண்டி_பிசிக்ஸ்

பாதி ஆகுது. மொழி, பழக்கம் எல்லாம் ஒண்ணா இருந்தாலும் சந்தேகம் போகாதுன்னு அந்த சீன் காட்டுறது உண்மை, லோகோ சொன்ன அந்தக் கோணத்துல நான் யோசிச்சதில்ல, நல்லா இருக்கு. ஆனா அங்க சண்டை வர்றதுக்கு முழுக் காரணம் எரிபொருள் பத்தாதது, எதிர்ல இருக்குறவன் கப்பல்ல அது இருக்கு. ஒரு நட்சத்திரத்துல இருக்குறவனுக்கு இன்னொரு நட்சத்திரத்துல இருந்து எடுத்துட்டு வர வேண்டிய அவசரம் என்ன? ஒரு சூரியனோட சக்தியையே முழுசா செலவு பண்ண முடியாது. ரெண்டாவது விதில பொருளோட அளவு மாறாதுன்னு சொல்றாரே தவிர, அது எப்பத் தீரும்னு சொல்றதில்ல. கப்பல்ல அது மாசக்கணக்கு, நட்சத்திரத்துல கோடி வருஷக் கணக்கு. தொழில்நுட்ப வெடிப்பு இருக்கேன்னு லோகோ கேப்பாரு, இன்னைக்கு எறும்பா இருக்குறவன் நாளைக்கு நம்மைத் தாண்டிடுவான், அதனால இப்பவே நசுக்கணும்னு. அது ஒண்ணு தான் அந்த வாதத்துல உறுதியான கால், முழு எடையும் அது மேல தான் நிக்குது.

மூணாவதை உடனே ஆரம்பிங்க, ரெண்டாவது மறக்குறதுக்குள்ள. ப்ளூ ஸ்பேஸும் ப்ரான்ஸ் ஏஜும் அதுலயும் வரும்.